உப்புக் காற்றில் 'ஆன்' ஆகாத பழைய லேப்டாப்: காயலாங்கடைக்குப் போடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

மரக்காணம் உப்பளங்களில் தொடங்கி ஆரோவில், பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் வரை நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலையோர வீடுகளில், அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய லேப்டாப் கிடப்பது வழக்கமான காட்சி. பல வீடுகளில் அது பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. அக்கா படித்து முடித்ததும் தம்பிக்கு வந்தது. கொரோனா ஊரடங்கில் வீட்டின் ஒரே வகுப்பறையாக இருந்தது. ஒருநாள் பட்டனை அழுத்தினால் சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று யாரோ சொல்ல, அதோடு கதை முடிந்துவிடுகிறது.

உண்மையில் 'ஆன் ஆகலை' என்பது ஒரே நோய் அல்ல. குறைந்தது மூன்று வெவ்வேறு கோளாறுகளுக்கு மக்கள் வைத்திருக்கும் ஒரே பெயர் அது. அவற்றில் பலவற்றைச் சில நூறு ரூபாயில் சரிசெய்துவிடலாம். போர்டே போயிருந்தாலும், உள்ளே இருக்கும் போட்டோ, சான்றிதழ், புராஜெக்ட் எல்லாம் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். கடலோரத்தில் இந்தச் சோதனைகளை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதும் முக்கியம்.

எத்தனை லேப்டாப்கள், ஏன் இப்போது?

தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ம் தேதி, அண்ணா பிறந்தநாளில் தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு வாங்கி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தது. மொத்தம் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள். கொரோனா காலத்தில் திட்டம் தடைபட்டது. பிறகு 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் பழைய திட்டத்தில் வந்தவற்றின் வாரன்ட்டி எப்போதோ முடிந்துவிட்டது. இடையில் பள்ளி முடித்து வேலை தேடும் பிள்ளைகளுக்கு இந்தப் பழைய மெஷினை விட்டால் வேறு கம்ப்யூட்டர் இல்லாத வீடுகள் நிறைய.

இந்த லேப்டாப்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. ஒரே மாடல் லட்சக்கணக்கில் வாங்கப்பட்டதால், ஒன்று பழுதானால் இன்னொன்றின் உதிரிபாகம் எங்காவது கிடைத்துவிடும். கடையில் ஷோவுக்கு வாங்கிய விலை உயர்ந்த மாடலுக்குக் கீபோர்டு தேடி அலைவதைவிட இது சுலபம்.

உப்புக் காற்று உள்ளே என்ன செய்கிறது?

உப்பளத்தில் என்ன நடக்கிறது? பாத்தியில் கடல்நீரைத் தேக்குகிறார்கள். வெயிலில் தண்ணீர் போய்விடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. லேப்டாப்புக்குள் நடப்பதும் இதேதான், மிகச் சிறிய அளவில். அலை உடையும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளை லேப்டாப்பின் ஃபேன் உள்ளே இழுக்கிறது. ஈரம் உலர்ந்துவிடும். போர்டின் மீது கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் மட்டும் மிஞ்சும்.

உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. சிக்கல் ஈரம் சேரும்போது வருகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை, 33 சதவீத ஈரப்பதமே போதும். அடுப்பங்கரையில் கல் உப்பு ஜாடி அடியில் நீர்விட்டு நிற்பது இதனால்தான். கடலோரத்தில் இரவு நேர ஈரப்பதம் 75-ஐத் தாண்டுவது சாதாரணம். அப்போது போர்டில் இருக்கும் படலம் மின்கடத்தியாக மாறுகிறது. செம்புத் தடங்கள் பச்சை பூக்கின்றன. நெருக்கமாக இருக்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே உலோக இழைகள் மெல்ல வளர்ந்து ஷார்ட் ஆக்குகின்றன. காலையில் ஆன் ஆகாமல் அடம்பிடித்து, வெயில் ஏறிய பிறகு ஆன் ஆகும் லேப்டாப் என்றால் முதல் சந்தேகம் இந்த ஈரத்தின் மீதுதான் போக வேண்டும்.

தூரத்தைப் பொறுத்தும் இது மாறும். காற்றில் உள்ள உப்பின் அளவு கரையை விட்டு விலக விலக வேகமாகக் குறைகிறது. பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்த வீட்டுக்கும், மேட்டில் சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஆரோவில் குடியிருப்புக்கும் வித்தியாசம் உண்டு. மேட்டில் இருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. அங்கே செம்மண் புழுதி. அது ஃபேனிலும், சூடு தணிக்கும் தகட்டின் இடுக்குகளிலும் கம்பளிபோல அடைத்துக்கொள்ளும். புழுதி ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பும் புழுதியும் சேர்ந்த இடத்தில் துரு இன்னும் சீக்கிரம் வரும்.

முதலில்: எந்த வகை 'ஆன் ஆகலை'?

சார்ஜரை மாட்டிப் பட்டனை அழுத்திவிட்டு மூன்றைக் கவனிக்க வேண்டும். விளக்கு எரிகிறதா? ஃபேன் சுற்றுகிறதா? கேப்ஸ் லாக் பட்டனை அழுத்தினால் அதன் விளக்கு அணைந்து எரிகிறதா?

எதுவுமே இல்லையென்றால் மின்சாரம் உள்ளே போகவில்லை. விளக்கும் ஃபேனும் வேலை செய்து திரை மட்டும் கறுப்பாக இருந்தால் ராம், திரை அல்லது போர்டு. கம்பெனி பெயர் வந்து, அதற்குப் பிறகு 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்றோ, சுற்றிக்கொண்டே இருக்கும் புள்ளிகளோடோ நின்றால், லேப்டாப்புக்கு உயிர் இருக்கிறது. கோளாறு ஹார்ட் டிஸ்க்கிலோ விண்டோஸிலோதான். கேப்ஸ் லாக் விளக்கு அழுத்த அழுத்த மாறினால் போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு சோதனைக்குக் காசு தேவையில்லை. கடைக்காரர் 'போர்டு அவுட்' என்று சொன்னால் திருப்பிக் கேட்கவும் உதவும்.

மின்சாரமே போகவில்லை என்றால்...

சார்ஜரையும், கழற்றக்கூடியதாக இருந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்து பார்க்கலாம். உள்ளேயே பேட்டரி பொருத்தப்பட்ட திங்க்பேட் மாடல்கள் பலவற்றில் அடிப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். பின் போன்ற மெல்லிய கம்பியால் அதை அழுத்தினால் அதே வேலை நடக்கும். கேலிக்கூத்தாகத் தோன்றினாலும், உயிரே இல்லை என்று நினைத்த பல மெஷின்கள் இதிலேயே எழுந்துவிடுகின்றன.

அடுத்தது சார்ஜர். பெரும்பாலான பழைய லேப்டாப் சார்ஜர்கள் 19 முதல் 20 வோல்ட் டிசி தருபவை. மல்டிமீட்டரை டிசியில் 200 வோல்ட் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். 20-ல் வைத்தால் சில மீட்டர்கள் அளவைத் தாண்டிவிட்டதாகக் காட்டி, நல்ல சார்ஜரையே கெட்டதாக நம்பவைத்துவிடும். அச்சிடப்பட்ட வோல்டேஜுக்குப் பக்கத்தில் வந்தால் சார்ஜர் தேறும். மாற்று சார்ஜர் வாங்கும்போது வோல்டேஜ் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. டெல், எச்பி மாடல்களில் பின்னின் நடுவே இருக்கும் மெல்லிய ஊசி சார்ஜரை அடையாளம் காட்டுவது. அது வளைந்தாலோ துருப்பிடித்தாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. சார்ஜர் பெட்டியை மட்டும் வீட்டில் பிரிக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

சார்ஜரில் விளக்கு இருந்தால் இன்னொரு துப்பும் கிடைக்கும். தனியாக எரியும் விளக்கு, லேப்டாப்பில் பின்னைச் சொருகியதும் அணைந்துவிட்டால், போர்டில் எங்கோ ஷார்ட். உடனே கழற்றிவிட வேண்டும். திரும்பத் திரும்பச் சொருகிப் பார்ப்பது இருக்கிற போர்டையும் எரித்துவிடும். இது கடைக்குப் போக வேண்டிய கேஸ்.

சார்ஜர் நன்றாக இருந்தும் அசைவில்லையென்றால், கடலோரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு. சார்ஜர் பின் நுழையும் ஜாக் ஒன்று. டார்ச் அடித்துப் பார்த்தால் பச்சைப் பூச்சு தெரியும். பவர் பட்டனிலிருந்து போர்டுக்குப் போகும் பட்டை ஒயர் மற்றொன்று. பல மாடல்களில் பட்டன் தனி. காகிதம்போன்ற மெல்லிய பட்டையால் போர்டோடு இணைக்கப்பட்டிருக்கும். அதன் முனையில் உப்புப் பூத்தால் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் செய்தி போய்ச் சேராது. போர்டு முழுக்க ஆரோக்கியமாக இருக்கும், பார்ப்பவருக்குச் செத்ததுபோலத் தெரியும்.

திறந்து பார்க்கலாமா?

ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழக்கமுள்ளவர் திறக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: டச்பேட் மேலெழும்பி இருக்கிறதா, அடிமூடி பிதுங்கி இருக்கிறதா? இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. குத்தவோ அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. லித்தியம் பேட்டரி துளைபட்டால் தீப்பற்றும். அது வீட்டு வேலை அல்ல.

பேட்டரி சரியாக இருந்தால், மூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் இணைப்பைப் போர்டிலிருந்து கழற்றுவது. ஏதாவதொரு உலோகத்தைத் தொட்டு உடலில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். கழற்றும் ஸ்க்ரூக்களை ஒரு காகிதத்தில் அதே அமைப்பில் வைத்துக்கொண்டால், மூடும்போது நீளமான ஸ்க்ரூவைத் தவறான இடத்தில் போட்டு போர்டைத் துளைக்கும் ஆபத்து இல்லை.

ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைத் துடைத்து, திரும்பப் பொருத்துவதுதான் கறுப்புத் திரைக்கு முதல் வைத்தியம். ரிப்பேர் கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். வேலை செய்யும், ஆனால் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்க்க வேண்டும். மருந்துக்கடையிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான துணி இன்னும் நல்லது. கை சுத்திகரிக்கும் சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் பசையும் உண்டு. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பக்கத்திலேயே ஒரு ரூபாய் நாணயம்போல ஒரு சின்ன பேட்டரி இருக்கும். சி.ஆர். 2032, 3 வோல்ட். பத்து வருட லேப்டாப்பில் அது தீர்ந்திருப்பது நிச்சயம் எனலாம். தேதி பழைய வருடத்துக்குத் திரும்பிவிடும். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்கள் 'பாதுகாப்பற்றது' என்று திறக்க மறுக்கும். சில மாடல்கள் ஆன் ஆவதிலேயே முரண்டு பிடிக்கும். பல லேப்டாப்களில் இது ஒயரோடும் சிறு பிளக்கோடும் வரும் என்பதால், பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது.

ராம் மாற்றியும் திரை கறுப்பாகவே இருந்தால், எச்.டி.எம்.ஐ. ஒயர் போட்டு வீட்டு டிவியில் இணைத்துப் பார்க்கலாம். டிவியில் படம் வந்தால் போர்டு பிழைத்தது, திரையோ அதன் ஒயரோதான் கோளாறு. திரையில் டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால் மங்கலாக எழுத்து தெரிகிறதா? அப்படியென்றால் பின்விளக்கு மட்டும் போயிருக்கிறது.

ஆன் ஆகி ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே அணைந்துபோவது வேறு ரகம். அது பெரும்பாலும் சூடு. ஃபேன் இடுக்கில் அடைத்த புழுதியை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் தீரும்.

வெள்ளத்தில் நனைந்த லேப்டாப்புக்கு?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. புதுச்சேரியிலும் வரலாறு காணாத மழை. அந்த மாதிரி நாட்களில் தரையில் இருந்த லேப்டாப்பைக் காப்பாற்ற வீடுகளில் செய்வது: துடைத்து, வெயிலில் வைத்து, அரிசி மூட்டைக்குள் புதைத்து, இரண்டாம் நாள் ஆன் செய்து பார்ப்பது. இதுதான் அதைக் கொல்கிறது. அரிசி தண்ணீரை ஓரளவு இழுத்தாலும் உப்பையும் சேற்றையும் இழுக்காது. தண்ணீர் போய் உப்பு தங்கும் அதே உப்பளக் கணக்குதான்.

நனைந்தால் ஆன் செய்து பார்க்கவே கூடாது. பேட்டரியைப் பிரித்துவிட்டு, காய்வதற்கு முன் கடைக்குக் கொண்டுபோவது சரி. அங்கே போர்டைத் தனியே எடுத்து, டிஸ்டில்டு வாட்டரிலும் பிறகு ஆல்கஹாலிலும் கழுவி, முழுதாக உலர்த்துவார்கள். போர்டைத் தண்ணீரில் கழுவுவதா என்று அதிர்ச்சியாக இருக்கும். மின்சாரம் இல்லாதபோது சுத்தமான தண்ணீர் போர்டைக் கெடுக்காது, தங்கிவிடும் உப்புதான் கெடுக்கும்.

உள்ளே இருக்கும் ஃபைல்களை எப்படி எடுப்பது?

இதைக் கடைசியில் அல்ல, முதலில் செய்ய வேண்டும். பழைய லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க் தனியாகக் கழலும். 2.5 அங்குல சாட்டா டிஸ்க்கைப் போட, யு.எஸ்.பி. கேஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் வைத்து வேறொரு கம்ப்யூட்டரில் சொருகினால், பெரிய பென் டிரைவ்போலத் திறந்துகொள்ளும். 'டக் டக்' என்று டிஸ்க் தட்டினால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் மிச்சமிருப்பதும் தேயும். புதிய லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பிட்லாக்கர் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடையில் கொடுக்கும்போது முடிந்தால் டிஸ்க்கை எடுத்துவிட்டே கொடுக்கலாம். ஆன் ஆகிறதா என்று பார்க்க டிஸ்க் தேவையில்லை. குடும்ப போட்டோக்களும் ஆதார் நகலும் முன்பின் தெரியாதவர் மேஜையில் கிடக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆன் ஆகுது, ஆனால் விண்டோஸ் வரலை!

முன்னால் சொன்ன மூன்றாவது வகை இது. கைவசம் 8 ஜிபி பென் டிரைவ் இருந்தால் போதும். வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட்டையோ லுபுண்டுவையோ அதில் ஏற்றி, லேப்டாப்பை அந்த பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். டிஸ்க்கில் எதையும் நிறுவத் தேவையில்லை. ஓடினால் போர்டு, ராம், திரை மூன்றும் நன்றாக இருக்கின்றன என்பது உறுதி. அப்படியே ஃபைல்களையும் வேறொரு டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராமும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். பழைய அரசு லேப்டாப்கள் பெரும்பாலும் இதில் தேறாது. லினக்ஸ் மின்ட் 2 ஜிபி ராமிலும் ஓடும், 4 இருந்தால் வசதி. தமிழ் 99 விசைப்பலகையும் அதில் உண்டு. திட்டத்தின் தொடக்கத்தில் வந்த லேப்டாப்களிலேயே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. பெரும்பாலானோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சுற்றும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் பத்து வருட லேப்டாப்பும் டைப்பிங், பாடம், வீடியோ எல்லாவற்றுக்கும் தாங்கும். செலவு செய்வதானால் முதலில் செய்ய வேண்டிய செலவு அதுதான். இதில் கைகொடுக்க, விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும் இருக்கின்றன.

எப்போது கடைக்கு? எவ்வளவு வரை செலவு செய்யலாம்?

ஷார்ட், தண்ணீர் புகுந்தது, உப்பிய பேட்டரி, ஜாக் மாற்றுவது: இந்த நான்கும் கடை வேலை. 'சிப் லெவல் சர்வீஸ்' என்று போர்டு போட்டிருக்கும் இடத்தில், எந்தப் பாகம் போயிருக்கிறது என்று பெயரோடு கேட்க வேண்டும். 'போர்டு போச்சு' என்பது பதில் அல்ல. மாற்றிய பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கலாம். போர்டே மாற்ற வேண்டுமென்றால், சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்து ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய போர்டுகள் கிடைக்கும். மாடல் பெயர் மட்டும் போதாது, போர்டில் அச்சடித்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும். கிராஃபிக்ஸ் சிப்பைச் சூடாக்கி 'ரீபால்' செய்வதாகச் சொன்னால் யோசிக்கலாம். பழைய மெஷின்களில் அது பெரும்பாலும் சில மாதம்தான் தாங்கும்.

வாரன்ட்டிக்குள் இருக்கும் லேப்டாப்புக்கு உதிரிபாகம் தர நிறுவனம் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தனி இணையதளமும் தொடங்கியது. நிறுவனங்களின் சர்வீஸ் விவரங்களை அதில் பார்க்கலாம்.

எதுவும் தேறவில்லை என்றாலும் ராம், டிஸ்க், திரை, சார்ஜர் நான்கும் அதே மாடல் வைத்திருக்கும் இன்னொரு வீட்டுக்கு உதவும். மிச்சத்தைக் குப்பையோடு போடவோ, செம்புக்காக எரிப்பவரிடம் கொடுக்கவோ கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பழைய கருவிகள் முறையாக மறுசுழற்சிக்குப் போவதற்குத் தயாரிப்பு நிறுவனங்களே பொறுப்பு. பேட்டரியைத் தனியே பிரித்து, முனைகளில் டேப் ஒட்டி, பதிவு பெற்ற மின்கழிவு மையத்தில் தனியாகவே ஒப்படைக்க வேண்டும்.